கத்திரிக்காய் மேல் விழுந்த பழி: சரும ஒவ்வாமையும் அதன் பரிசோதனையும்

விரல் நுனியில் ஒரு வியாதி

திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு அருகே, விடிவதற்கு முன்பே சாக்கை விரித்து உட்கார்ந்து சாமந்தியும் மல்லிகையும் தொடுக்கிற ஓர் அம்மாள், எட்டு வருஷ காலம் கத்திரிக்காயைத் தொடாமல் இருந்தார். கருவாட்டையும் விட்டார், பிறகு மீனையும் விட்டார். விரல் நுனிகள் வெடித்து, அரித்து, நீர் கசிந்து, ஆறிவிட்டது போலப் போக்குக் காட்டி மறுபடியும் வெடிக்கிற அந்த உபாதையைப் பார்த்தவர்களெல்லாம் அதற்குக் 'கரப்பான்' என்று பெயர் சொல்லி, கரப்பான் பண்டங்கள் என்று வழிவழியாக விலக்கப்படுகிற பதார்த்தங்களை ஒவ்வொன்றாக அவருடைய சாப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்தியம் கடுமையாயிற்றே ஒழிய வியாதி தணியவில்லை.

அவருடைய கைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காம்பைக் கிள்ளுகிற கட்டைவிரலின் உட்புறமும், அதை அணைத்துப் பிடிக்கிற ஆள்காட்டி விரலின் நுனியும், நாரை இழுத்து முடிச்சிடுகிற நடுவிரலின் ஓரமும் மாத்திரமே செதில் செதிலாகக் காய்ந்து, கோடு கோடாகப் பிளந்திருந்தன. சுண்டு விரல் குழந்தையின் விரலைப் போல மாசற்று இருந்தது. வயிற்றுக்குள் போன பதார்த்தம், பூவைத் தொடுகிற விரல்களை மாத்திரம் தேடிப் பிடித்துத் தண்டிப்பானேன் என்ற கேள்வியை எட்டு வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

உடனே வருவதும் தாமதித்து வருவதும்

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ஆம் வருஷம் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே உண்டாக்கினார். அந்த ஒரு சொல்லுக்குள் சருமத்தைப் பொறுத்த வரையில் முக்கியமான இரண்டு வியாதிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் செய்கிற பரிசோதனை, பணத்தை வாங்கிக்கொண்டு வழியையும் தவறவிடும்.

முதலாவது, நம் பாட்டிமார் காணாக்கடி என்று சொன்னது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்தாற்போலச் சருமம் திடீரெனத் தடித்து, சிவந்து, அரித்து, பெரும்பாலும் ஒரு நாளைக்குள் அந்த இடத்தில் சுவடில்லாமல் மறைந்து, வேறோர் இடத்தில் கிளம்பும். உணவு, மருந்து, குளவிக் கொட்டு முதலியவை இதைத் தூண்டும்போது பெரும்பாலும் சில நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இதற்கு உரியது ஊசிக்குத்துப் பரிசோதனை: முன்கையில் துளித்துளியாகச் சத்துகளை வைத்து, மேல்தோலை லேசாகக் குத்தி, பதினைந்து இருபது நிமிஷம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள்; ஒப்புநோக்க வைத்த உப்பு நீர்த்துளியைவிட மூன்று மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால்தான் அது கணக்கு. அரிப்பு மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே, வைத்தியரைக் கேட்டு, நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் நாள்தோறும் வருகிற காணாக்கடிக்கு வெளிப் பதார்த்தம் ஒன்று காரணமாக இருப்பது அபூர்வம். சரீரத்தின் ரக்ஷணைச் சக்தியே தடுமாறி இதை உண்டாக்குகிறது.

இரண்டாவது, பூக்காரம்மாளுடையது. தொட்ட பொருள் தொட்ட இடத்தில், ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ கழித்துக் கிளப்புகிற தொடு ஒவ்வாமை இது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை அந்தப் பொருளை ஒரு முறை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு எளிதில் மறப்பதில்லை. இதற்கு ரத்தப் பரிசோதனை உதவாது. ஒரே குப்பி ரத்தத்தில் நூறு பதார்த்தங்களுக்கு விடை தருவதாகச் சொல்லும் நீண்ட பட்டியல்களை வாங்கி வந்து, அதில் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிற பருப்பையும் பாலையும் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துவிடுகிற தாய்மாரைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. பட்டியலில் ஒரு பதார்த்தம் ஏறியிருப்பது வேறு, அதைத் தின்று வியாதி வருவது வேறு.

நெற்றியிலும் வழியோரத்திலும்

க்ஷேத்திரவாசிகளின் சருமத்தில் அன்றாடம் படுகிற பொருள்கள் தனி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த பழைய குங்குமத்தின் இடத்தில் ரசாயனச் சாயங்கள் கலந்த பொடி வந்துவிட்டபடியால், நெற்றி நடுவிலும் வகிட்டிலும் அரிப்பும், பின்னர் அரிப்பே இல்லாமல் சாம்பல் கலந்த கருமையும் படர்வதுண்டு. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள ஒரு பிசின் பொருளோ இதற்கு நேர் எதிராக, பொட்டின் அளவுக்கே வட்டமாக வெண்மையை உண்டாக்கக்கூடும். அந்த வெண்புள்ளியை ஜாதகத்தோடு முடிச்சுப்போட்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது எவ்வளவு கொடுமை! கவரிங் தோட்டிலுள்ள நிக்கலும், நரையை மறைக்கிற கறுப்புச் சாயமும், கொத்தனார் கையில் படுகிற சிமெண்டின் குரோமியமும் இதே குற்றவாளிக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

எல்லாவற்றிலும் கவனிக்கத் தக்கது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950-களின் மத்தியில் புணே நகரத்தில் அடையாளம் காணப்பட்ட இந்த வெள்ளைப் பூச் செடி, இன்று தரிசு நிலத்திலும் சாலை ஓரத்திலும் மழைக்குப் பின் மண்டிக் கிடக்கிறது. இதன் பொடி காற்றில் பறந்து முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் படிந்து, வருஷக்கணக்காக விடாத படையை உண்டாக்குகிறது. வயற்காட்டு ஜனங்களே இதற்கு அதிகமாக ஆளாகிறார்கள். சாமந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒத்த ரசாயனங்கள் இருப்பதால், ஒன்றுக்குப் பகையான சருமம் மற்றதற்கும் பகையாவதுண்டு.

முதுகில் எழுதும் விடை

தொடு ஒவ்வாமைக்கு உரியது ஒட்டுப் பரிசோதனை. யோசெஃப் யாடஸோன் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1895-இல் உலகுக்குச் சொன்ன முறை இது. நூற்றாண்டு கடந்தும் இதற்கு மாற்று வரவில்லை. சந்தேகத்துக்குரிய பொருள்களை அளவோடு நீர்க்கச் செய்தோ மெழுகுக் களிம்பில் கலந்தோ சிறு கிண்ணிகளில் இட்டு, முதுகின் மேற்புறத்தில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடியும் நான்காம் நாள் பார்ப்பார்கள். நான்காம் நாளைக்கு வராமல் இருந்துவிடுகிறவர்கள் பாதி விடையோடு திரும்புகிறவர்கள்.

அந்த நாள்களில் முதுகை நனைக்கலாகாது, வியர்க்க விடலாகாது. ஆகையால் பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிப்பிரதக்ஷிணம் செய்கிற உத்தேசம் இருந்தால் பரிசோதனையைத் தள்ளி வைத்துக்கொள்வதே நல்லது. சித்திரை வெயிலும் இதற்கு ஏற்ற காலமல்ல. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், முதுகில் ஸ்டீராய்டுக் களிம்பு தடவியிருக்கிறவர்களும் அதை முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். செடியின் இலையைக் கசக்கிக் கையில் கட்டிப் பார்ப்பது போன்ற சொந்தப் பரீக்ஷைகள் கூடவே கூடாது. இல்லாத ஒவ்வாமையை அதுவே உண்டாக்கிவிடக்கூடும்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சரும நோய்ப் பிரிவில் முதலில் காட்டலாம். ஒட்டுப் பரிசோதனைக்கு வெளியூர் போக நேர்ந்தால் வடக்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், கிழக்கே புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எங்கே போனாலும், வீட்டிலுள்ள குங்குமம், பொட்டு அட்டை, தலைச் சாயம், தைலம், சோப்பு, இதுவரை தடவிய களிம்புகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.

களிம்பின் ஆசையும் ஆபத்தும்

காரணம் தெரிந்தபின் அதை விலக்குவதே சிகிச்சையில் பெரும் பாகம். மூண்டுவிட்ட படையைத் தணிக்க ஸ்டீராய்டுக் களிம்பு நல்ல மருந்து. இடத்துக்குத் தக்க வீரியமும் நாள் கணக்கும் வைத்தியர் சொன்னபடி இருக்க வேண்டும். அதையே கடையில் கேட்டு வாங்கி முகச்சிவப்புக்கென்று மாதக்கணக்கில் பூசினால், தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் மயிரும் கிளம்பி, விட்டால் முகம் நெருப்பாய் எரியும். படர்தாமரையின் மேல் பூசினாலோ அது உருமாறிப் பரவும். வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் அட்டவணையில் இத்தகைய களிம்புகள் பல 2018-இல் சேர்க்கப்பட்ட பின்னும் விற்பனை நின்றபாடில்லை. காணாக்கடிக்குத் தூக்கம் தராத புதிய வகை மாத்திரைகள் உண்டு. பார்த்தீனியப் படை முற்றியவர்களுக்கு அஸதயோபிரின் போன்ற மருந்துகளை, அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு கொடுக்கிறார்கள்.

தடிப்போடு உதடு நாக்கு வீங்கி, குரல் கம்மி, மூச்சு முட்டி, தலை சுற்றினால் வெற்றிலை மிளகைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. 108-ஐ அழைத்து, தொடையில் அட்ரினலின் ஊசி போடக்கூடிய இடத்துக்கு உடனே கொண்டு போக வேண்டும்.

பூக்காரம்மாளின் முதுகில் நான்காம் நாள் இரண்டே இடங்கள் சிவந்து கொப்புளித்திருந்தன: ஒன்று பார்த்தீனியம் வைத்த இடம், மற்றது சாமந்தி. "அப்போ கத்திரிக்காய் சாப்பிடலாங்களா அய்யா?" என்று அவர் கேட்டார். "தாராளமா சாப்பிடுங்கம்மா" என்றார் வைத்தியர். இப்போது சாமந்தியை அவருடைய மருமகள் தொடுக்கிறாள். மல்லிகைக் கூடை மாத்திரம் அவர் மடிப்பக்கம் இருக்கிறது. போன கார்த்திகைக்குப் பார்த்தபோது கட்டைவிரலின் வெடிப்பு மூடி, புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. அன்று மத்தியானம் அவர் திறந்த தூக்குச் சட்டியில் எண்ணெய்க் கத்திரிக்காய் இருந்தது.