நெல்லுக்கு ‘சாட்டிவா’, பூண்டுக்கு ‘சாட்டிவம்’ ஏன்?

உயிரியல் பாடத்தில் அறிவியல் பெயர்களைப் பெரும்பாலும் மனப்பாடம்தான் செய்கிறோம். நெல் ‘ஒரைசா சாட்டிவா’, பூண்டு ‘அல்லியம் சாட்டிவம்’, வெள்ளரி ‘குக்குமிஸ் சாட்டிவஸ்’. ஈறு மாறினால் பெயரே தவறாகிவிடும். ஆனால், அந்த ஈறு ஏன் மாறுகிறது? தாவரவியல் படிக்கும் எனக்கு, லத்தீன் இலக்கணத்தைச் சற்றுப் புரட்டியபோதுதான் விடை கிடைத்தது.

மூன்றும் ஒரே சொல்தான். ‘விதைத்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த பெயரடை அது. காட்டில் தானாக முளைக்காமல், மனிதரால் பயிரிடப்படுவது என்று பொருள்.

லத்தீனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், இரண்டும் சாராத பால் என ஏதேனும் ஒன்றில் அடங்கும். பெயரடையும் அதே பாலுக்கு இசைய வேண்டும். ஒரைசா பெண்பால்; எனவே சாட்டிவா. அல்லியம் இரண்டும் சாராதது, எனவே சாட்டிவம். குக்குமிஸ் ஆண்பால், எனவே சாட்டிவஸ். பேரினப் பெயரின் ஓசையை மட்டும் பார்த்து ஈற்றை ஊகிக்க முடியாது என்பதற்கு வெள்ளரியே சாட்சி.

தமிழில் நல்ல மாணவன், நல்ல மாணவி, நல்ல பாடம் என்கிறோம். ‘நல்ல’ மாறுவதில்லை. ஆனால் நல்லவன், நல்லவள், நல்லது என்னும்போது பால் வெளிப்படுகிறது. லத்தீன் பெயரடையோ பெயரை ஒட்டி நிற்கும்போதே பால் காட்டிவிடும்.

இந்த விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. பச்சைப்பயற்றுக்கு லின்னேயஸ் 1753-இல் ‘பாசியோலஸ் ரேடியேட்டஸ்’ என்று பெயரிட்டார். பின்னர் அது ‘விக்னா’ என்ற பெண்பால் பேரினத்துக்கு மாற்றப்பட்டதும் ‘விக்னா ரேடியேட்டா’ ஆனது. அதேபோல் இடம் மாறிய உளுந்தின் ‘முங்கோ’ மட்டும் மாறவில்லை. அது பெயரடை அல்ல, பெயர்ச்சொல்.

பொருளிலும் ஒரு சுவை உண்டு. குங்குமப்பூவின் பெயர் ‘குரோக்கஸ் சாட்டிவஸ்’. ஆனால் அச்செடி விதை தருவதில்லை. அதன் கிழங்கைப் பிரித்து நட்டே வளர்க்கிறார்கள். விதைக்கப்படாத செடிக்கு ‘விதைக்கப்பட்டது’ என்று பெயர்! இருந்தாலும் பெயர் பொருந்தாமல் போகவில்லை. மனிதர் நடுவதை நிறுத்திவிட்டால் தன் இனத்தைப் பெருக்க அதற்கு வேறு வழியில்லை.

அடுத்த முறை ஓர் அறிவியல் பெயரைப் படிக்கும்போது, அதன் இரண்டாம் சொல்லுக்குப் பொருள் தேடிப் பாருங்கள். பொருள் தெரிந்த பெயர் எளிதில் மறக்காது.