கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் இன்னொரு கூட்டம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் எல்லாரும் சேர்ந்து பசியாறுவோம். மீகூன், கறிபாப், தேத்தண்ணீர். அதற்குப் பிறகு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு கூட்டம் கூடும். அங்கே ஜெபம் இருக்காது. "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், நிறைய பேரு மனவருத்தமா இருக்காங்க" என்றுதான் அது ஆரம்பிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஆரம்பித்த ஒரு பேச்சு எங்கள் சபையை இரண்டாக்கியது. தமிழ் வாசிக்கத் தடுமாறும் இளையோருக்காக மாதத்தில் ஒரு ஞாயிறு ஆங்கில ஆராதனை வைக்கலாமா என்று போதகர் கேட்டார். சபையின் மூத்தவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. அதில் தவறில்லை. இப்படியே போனால் நாளைக்குக் கீர்த்தனை பாட ஆளிருக்காது என்ற அவருடைய பயம் நியாயமானதுதான். ஆனால் அதை அவர் நிர்வாகக் குழுவில் சொல்லவில்லை. தினமும் மாலையில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் பேசினார். மொழியில் தொடங்கிய பேச்சு காணிக்கைக் கணக்கு, போதகரின் மனைவி, பாடகர் குழுத் தலைவியின் குடும்பம் என்று வளர்ந்தது. ஒரு வருடத்திற்குள் 11 குடும்பங்கள் வெளியேறின.

அவர் மேல் மட்டும் பழி போட எனக்கு உரிமையில்லை. அவருடைய குரல் பதிவு ஒன்று புலனத்தில் வந்தபோது, "கேட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை சேர்த்து மூன்று பேருக்கு அனுப்பியவள் நான். பாடகர் குழுத் தலைவியின் மகள் என் தோழி. ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பதிவு சுற்றிச் சுற்றி அவள் கைக்கே போய்ச் சேர்ந்தது. "அனுப்புறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றாள். ஒருவர் மேல் குற்றச்சாட்டு வந்தால் அவர் தரப்பைக் கேட்காமல் ஒலியேற்றக் கூடாது என்பது வானொலியில் நான் படித்த முதல் பாடம். அதைச் சபையில் மறந்துவிட்டேன்.

குறை சொல்பவர் எல்லாரும் பகைவரல்ல

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவரை எல்லாம் 'சமாதானத்தைக் கெடுக்கிறவர்' என்று வாயடைப்பதும் சபையைக் கெடுக்கும். கணக்குக் கேட்பது உறுப்பினரின் உரிமை. பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்திருந்தால் அது சபைக்குள் பேசித் தீர்க்கும் விஷயமே அல்ல. போலீசுக்குப் போக வேண்டியது.

அப்படியானால் பிரிவினை செய்பவரை எப்படி அடையாளம் காண்பது? மூன்று கேள்விகள் போதும். சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொன்னாரா? "நிறைய பேரு" என்கிறாரே, அவர்கள் யாரென்று சொல்கிறாரா? பதில் கிடைத்ததும் அந்தப் பேச்சை விடுகிறாரா, இல்லை அடுத்த குறைக்குத் தாவுகிறாரா?

கொரிந்து சபையில் கட்சிகள் கிளம்பியபோது, அதைத் தமக்குத் தெரிவித்தவர்கள் குலோவேயாளின் வீட்டார் என்று பவுல் பெயர் சொல்லியே எழுதினார். 'சிலர் சொல்கிறார்கள்' என்று மறைக்கவில்லை. அந்தக் கட்சிகளில் ஒன்று அவர் பெயரிலேயே இருந்தது. அதையும் அவர் ஆதரிக்கவில்லை. தமக்காகச் சண்டை போட ஆள் இருப்பதை ரசிக்கும் தலைவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தலைகீழ் வரிசை

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு காட்டிய வரிசை எளிமையானது. முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் புலனக் குழு, பிறகு உறவினர்கள், கடைசியில்தான் அந்த மனிதர்.

எத்தனை முறை சொல்லியும் நிறுத்தாதவரை என்ன செய்வது? இரண்டொரு முறை எச்சரித்த பிறகு விலகச் சொல்கிறது தீத்துவுக்கு எழுதிய நிருபம். நம் வேதாகமத்தில் 'வேதப்புரட்டன்' என்று இருக்கும் அந்த இடத்தில், கிரேக்க மூலச் சொல்லுக்குக் கட்சி பிரிப்பவன் என்ற பொருளும் உண்டு. விலகுவது என்றால் பகைப்பதல்ல என்பது என் புரிதல். அவர் கையில் பொறுப்பும் ஒலிவாங்கியும் கொடுக்காதிருப்பது. அந்தப் பேச்சுக்கு மட்டும் காது கொடுக்காதிருப்பது.

இதை அம்மா எந்த விளக்கமும் இல்லாமல் செய்தார். அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு அழைத்தபோது முழுவதும் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க சொல்றது பெரிய விஷயமா இருக்கு. நாளைக்கே ரெண்டு பேரும் பாஸ்டர்கிட்ட போவோம், நான் கூட வர்றேன்" என்றார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பார்க்கலாம்மா" என்று வைத்துவிட்டார். நிஜமான குறை உள்ளவர் என்றால் அந்தத் துணைக்கு நன்றி சொல்லியிருப்பார். இப்போதும் அவர் அழைப்பார். அம்மாவும் சர்க்கரை அளவு, பேரப்பிள்ளைகள் என்று அன்பாக விசாரிப்பார். பேச்சு திரும்பினால், "எப்போ போகலாம்ணே?" என்பார். பேச்சு உடனே சர்க்கரைக்குத் திரும்பிவிடும்.

அன்று 11 வீடுகளிலும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் என்று நான் நினைக்காத ஞாயிறு இல்லை.

தோழியின் வீட்டுக்கு நான் போனது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த மூன்று பேரிடமும் நான் செய்தது தவறு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "டீ குடிச்சிட்டுப் போ" என்றார் அவள் அம்மா. அவர்கள் எங்கள் சபைக்குத் திரும்பவில்லை. இன்னொரு சபையில் பாடுகிறார்கள். ஆனால் தோழி இப்போது என் அழைப்பை எடுக்கிறாள்.

இந்த ஞாயிறு கார் கதவைத் திறக்கும்போது யாராவது உங்களிடம், "உங்ககிட்ட மட்டும்தான்" என்று ஆரம்பிக்கலாம். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, "வாங்க, அவங்ககிட்டயே போய்ப் பேசுவோம், நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.