தொழிற்சாலை வீடு: வாங்குவோர் அறிய வேண்டுவன

அமெரிக்க நாட்டில் வீடும் தொழிற்சாலையில் உருவாகிறது. எஃகு அடிச்சட்டத்தின்மீது கட்டப்பெற்றுச் சாலைவழியே கொண்டுவரப்பெறும் இவ்வகை வீடுகளுக்கு 1976 ஜூன் 15 முதல் கூட்டரசின் கட்டுமான விதிகள் நடைமுறையில் உள்ளன. அவ்விதிகட்கு உட்பட்டதெனச் சான்றுரைக்கும் சிவப்புத் தகடு வீட்டின் வெளிப்புறத்தில் பொருத்தப்பெறும். வாங்குவோர் அதனை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

விலை குறைவு என்பது உண்மையே. ஆயினும் வீடு தமது, நிலம் பிறரது எனின் நிலை யாது? மனை வாடகை உயர்ந்துகொண்டே போகலாம்; வீட்டைப் பெயர்த்துச் செல்லவோ பெருஞ்செலவாகும். நிலமின்றி வாங்கும் வீட்டை அசையும் பொருளாகக் கருதி, பெரும்பாலும் மிகுந்த வட்டிக்கே கடன் தருவர்.

ஆகவே, சுவரின் அழகைக் காணுமுன் மண்ணின் உரிமையை ஆராய்தல் நன்று. நிலமும் உரிமையாகுமெனில் துணிந்து வாங்கலாம். இன்றேல் குத்தகை ஆவணத்தை முழுதும் படித்த பின்னரே கையொப்பமிடுதல் அறிவுடைமையாகும்.