கடுக்கும் தோளும் கனக்கும் ஸ்டீயரிங்கும்

"பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி? வித்துட்டு ஒரு சின்னக் காரை வாங்க வேண்டியதுதானே!"

கோவில்பட்டியில் எங்களைத் தெரிந்தவர்களில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் இருப்பது 1990-ஆம் வருஷத்து கான்டெஸா. பருத்தியும் மிளகாய் வற்றலும் வியாபாரம் செய்த என் மாமனார், கையில் நாலு காசு புரண்ட ஒரு வருஷம் ஆசைப்பட்டு வாங்கியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 1984-லிருந்து 2002 வரை செய்தார்கள். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரைத் தழுவிய நீள மூக்கு வண்டி. இப்போது இளவட்டங்கள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. முட்டிவலிக்காரரான என் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து வர, பின்சீட்டில் தாராளமாக இடம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

மாதம் ஒரு தடவை அவர்களைக் கண் வைத்தியத்துக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போகவேண்டும். பஸ் படி ஏற அவர்களால் முடியாது. என் கணவருக்கோ சிவகாசியில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஆகவே டிரைவர் வேலை என் தலையில்!

2023 சித்திரையில் எனக்கு வலது தோள் கடுக்க ஆரம்பித்தது. ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியவில்லை. தைலம் தடவிக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். ஒருநாள் பஜார் பக்கத்துச் சந்தில் காரைப் பின்னுக்கு எடுத்தேன். பாதி திருப்பும்போது தோளில் கத்தி சொருகியதுபோல் ஒரு வலி. கை தானாக ஸ்டீயரிங்கை விட்டுவிட்டது. வண்டி கோணலாகப் பின்னால் போனது. பிரேக்கை மிதித்து நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி சைக்கிளைப் பிடித்தபடி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள். ஒரு முழ தூரம்தான்! அன்றைக்குச் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டியவள், மூன்று மாதம் அதைத் தொடவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, "இது தோள்பட்டை இறுக்கம்மா. நாற்பதிலிருந்து அறுபது வயசுக்குள்ளே, அதுவும் பெண்களுக்கு ஜாஸ்தி வரும். சர்க்கரை இருந்தா இன்னும் ஜாஸ்தி. ரத்தம் சோதிச்சீங்களா?" என்று கேட்டார். சோதித்தேன். இருந்தது! தோள் மூட்டைச் சுற்றியுள்ள பை தடித்து இறுகிவிடுகிறதாம். சரியாக ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாமாம். குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டுவது, விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏறுவது என்று சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். வலி முற்றி இருக்கும்போது கார் ஓட்டவே கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார்.

அந்த மூன்று மாதமும் மாமியாருக்கு வாடகைக் கார்தான். "எனக்காக எதுக்குச் செலவு? கண்ணு போனாப் போவுது" என்று அவர்கள் சொன்னது என்னைத் தைத்துவிட்டது. பழையபடி ஓட்டவேண்டும், ஆனால் இந்த ஸ்டீயரிங்கோடு முடியாது. அப்போதுதான் பவர் ஸ்டீயரிங் யோசனை வந்தது.

என் தம்பி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன். "போட்டுடலாம்க்கா. ஆனா மோட்டாரை மாட்டுறதுக்கு முந்தி, ஏன் கனக்குதுன்னு பார்த்துடுவோம்" என்றான்.

மாமனார் காலத்துக் கொக்கித் தராசு ஒன்று, மிளகாய் மூட்டை நிறுத்தது, பரணில் கிடந்தது. அதன் கொக்கியை ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டி, நின்ற வண்டியில் மெல்ல இழுத்துப் பார்த்தான். பதினாறு கிலோவில்தான் வளையம் அசைந்தது! ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சிமெண்டு மூட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பாரத்தை இழுத்திருக்கிறேன்.

பிறகு முன்சக்கரத்தில் காற்றைப் பார்த்தோம். இருக்கவேண்டியதைவிட எட்டுப் பவுண்டு குறைவு. சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் கிரீஸ் காய்ந்து, கரிசல் புழுதி அப்பிக் கிடந்தது. நம் பக்கத்து மண்ணைப் பற்றித்தான் தெரியுமே! மழையில் ஊதி, வெயிலில் வெடித்து, ரோட்டையே அலை அலையாகத் தூக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் களியாக அப்பும், கோடையில் மாவாகப் பறக்கும். இரண்டும் மூட்டுகளுக்குப் பகை. தேய்ந்த மூட்டுகளை மாற்றி, புது கிரீஸ் வைத்து, காற்றைச் சரிசெய்து, வீல் அலைன்மென்டும் பார்த்தோம். மறுபடி தராசை மாட்டினால் பதினொரு கிலோ. மோட்டார் இல்லாமலே ஐந்து கிலோ குறைந்துவிட்டது.

பலருக்கு இதுவே போதும். இன்னொன்றையும் தம்பி சொல்லித் தந்தான். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பக்கூடாது. வண்டி ஒரு சாண் நகரும்போது திருப்பினால் பாதி பலம் போதும். இருபது வருஷமாக ஓட்டுகிறேன், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை!

எனக்குப் பதினொன்றும் அதிகம்தான். ஆகவே அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

பவர் ஸ்டீயரிங்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று எண்ணெயில் வேலை செய்வது. எஞ்சினோடு பெல்ட்டில் ஒரு பம்பு சுற்றி, எண்ணெயை அழுத்தித் தள்ளும். அமெரிக்காவில் 1951-ல் கிரைஸ்லர் கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த வகைதான். மற்றது மின்சாரம். ஸ்டீயரிங் கம்பத்திலேயே ஒரு சின்ன மோட்டார் இருக்கும். நாம் எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்பதை ஓர் உணர்கருவி கண்டுபிடித்துச் சொல்ல, மோட்டார் அதற்குத் தக்கபடி கை கொடுக்கும். 1988-ல் ஜப்பானில் சுஸுகி கம்பெனி தன் செர்வோ காரில் முதன்முதலாக இதைப் பொருத்தியது. பம்பு, குழாய், எண்ணெய் ஒழுகல் எதுவும் இதில் கிடையாது. இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், உடைக்கப்போகும் வாக்ஸ்ஹால் கோர்ஸா போன்ற சின்னக் கார்களிலிருந்து இந்தக் கம்பத்தை எடுத்துத் தங்கள் வண்டியில் வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். தம்பியும் அதே வழியில் போனான். மதுரையில் பழைய கார் பிரிக்கும் கடையில் மாருதி கார் ஒன்றின் மின்சார ஸ்டீயரிங் கம்பத்தை, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வாங்கிவந்தான்.

எங்கள் கார் ஷெட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. பாட்டரி கனெக்‌ஷனைக் கழற்றியது, டாஷ்போர்டைப் பிரித்தது, பழைய கம்பத்தை இறக்கி அளவெடுத்தது, புதிதைத் தாங்க இரும்புச் சட்டம் செய்தது, ஒயர் இழுத்தது எல்லாம் வீட்டில்தான். திருகுகளை எவர்சில்வர் டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி வைத்தது என் வேலை.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவன் வீட்டில் செய்யவில்லை. புதுக் கம்பத்தையும் காரின் பழைய ஸ்டீயரிங் பெட்டியையும் இணைக்கும் அச்சு. "ரெண்டையும் வெட்டி வெல்டிங் வச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிடுமே" என்று என் கணவர் சொன்னபோது, தம்பி முகம் மாறிவிட்டது. "அத்தான், மோட்டார் நின்னா அக்கா கொஞ்சம் பலமாத் திருப்பிக்கிடும். இந்த அச்சு விட்டுப்போச்சுன்னா திருப்புறதுக்கு ஒண்ணுமே இருக்காது" என்றான். லாரி ஸ்டீயரிங் வேலை செய்யும் மதுரைப் பட்டறை ஒன்றில், இரண்டு முனைகளின் பல்வரிசைக்கும் பொருந்தும்படி கப்ளிங் செய்து, குறுக்கே போல்ட் போட்டு வாங்கிவந்தான். மோதினால் உள்ளே மடங்கிக்கொள்ளும்படி கம்பத்தில் இருக்கும் அமைப்பையும் கெடுக்காமல் பொருத்தினான்.

ஒயரிலும் கவனம் வேண்டும். வண்டியை நிறுத்தித் திருப்பும்போது இந்த மோட்டார் முப்பது, நாற்பது ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஆகவே பாட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், தனி ஃப்யூஸ், சாவி போட்டால் மட்டும் வேலை செய்ய ஒரு ரிலே. இன்னொரு சங்கடமும் இருந்தது. புதுக் கார்களில், வேகம் கூடக்கூட மோட்டார் தன் உதவியைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கள் காரில் ஸ்பீடாமீட்டரே கேபிளில் சுற்றுவது. வேகத்தைச் சொல்ல ஆளில்லை. அதனால் உதவியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்த பெட்டியைச் சேர்த்தான். நாற்கரச் சாலையில் ஸ்டீயரிங் இறகு மாதிரி இருந்தால் அதுவும் ஆபத்துதான்.

முடித்ததும் ரோட்டுக்குப் போகவில்லை. முதலில் ஜாக்கியில் தூக்கி, இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒயரோ பிரேக் குழாயோ உரசுகிறதா என்று பார்த்தோம். பிறகு ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த கரிசல் பொட்டலில், நடக்கிற வேகத்தில் ஓட்டம். திருப்பிக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறதா? வந்தது. அடுத்தது முக்கியமான சோதனை. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டச் சொன்னான். எஞ்சினை அணைக்கவில்லை, ஓட்டத்தில் அணைத்தால் பிரேக்கும் கனத்துவிடும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். மோட்டார் உதவி இல்லாமல் கனமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பியது!

தராசு சொன்ன கணக்கு: மோட்டார் ஓடும்போது மூன்று கிலோ, ஓடாதபோது பன்னிரண்டு. எங்களுக்கு ஆன செலவு, கப்ளிங் கூலி சேர்த்து, பத்தொன்பதாயிரம் ரூபாய்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நாங்கள் வேலை ஆரம்பிக்குமுன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேட்டோம். இன்ஷூரன்ஸுக்கும் கடிதம் போட்டோம். பதினைந்து வருஷம் கடந்த கார்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும் அல்லவா? எங்களுடையது 2025-ல் வந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தக் கப்ளிங்கைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தானே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நீங்களும் முன்கூட்டியே கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முடித்துவிட்டுக் கேட்டால் பணமும் வீண், மனஸ்தாபமும் மிச்சம்.

சின்னக் காருக்கென்று செய்த மோட்டார் என்பதால், கடைசிவரை திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கமாட்டேன், சூடாகிவிடும். மாதம் ஒருமுறை தம்பி அந்தப் போல்ட்டுகளைச் சோதிக்கிறான். காற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். சுவரில் விரல் ஏறும் பயிற்சியும் நடக்கிறது. முதலில் என் மூக்கு உயரத்துக்குத்தான் கை போனது. இப்போது காலண்டர் ஆணி வரை போகிறது.

டாக்டரிடம் "இனி ஓட்டலாம்" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மாமியாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இடைசெவல் தாண்டி, கயத்தாறு தாண்டி, திருநெல்வேலி ஊருக்குள் நெரிசலில் நாலு திருப்பம் திருப்பி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அதுவரை பின்சீட்டில் கண்ணை மூடி வந்தவர்கள், "என்ன தாயி, இன்னைக்கு நீ முனங்கவே இல்லையே?" என்று கேட்டார்கள். இத்தனை நாளும் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் முனகியது எனக்கே தெரியாது!

வலியைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்வதைப் பெருமையாக நினைக்கும் ஜாதி நாம். சமையலறையானாலும் காரானாலும், கை கனத்தால் முதலில் ஏன் கனக்கிறது என்று பாருங்கள். பாதி அங்கேயே குறையும். மீதிக்குத் துணை தேடிக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்!