கொல்லிமலை ஏற்றத்தில் திணறும் பழைய கார்! மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

சாமானை மாற்றும் முன்பு "எப்போது?" என்று கேளுங்கள்

சேலம்,

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, மறுபடியும் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும்.

பழைய கார் தன் குணத்தைக் காட்டுவது அங்கேதான்!

மிதித்ததும் வண்டி பாய வேண்டும். பாயாது. ஒரு விநாடி திணறும். ஒரு குலுக்கு குலுக்கும். அப்புறம் மெல்ல நகரும். பின்னால் வரும் பஸ் ஆரன் அடிக்கும். டாஷ் போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எட்டிப் பார்க்கும். அறப்பளீசுவரர் கோவிலுக்குக் கிளம்பிய சந்தோஷம் பின் சீட்டில் இருப்பவர்கள் முகத்தில் இருந்து போய்விடும்.

"ஒண்ணும் இல்லை, பெட்ரோல்ல ஏதோ கலப்படம்" என்று டிரைவர் சமாதானம் சொல்வார்.

அது உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். ஊகத்தில் காரை ஓட்டுவது பாதி ஆபத்து. ஊகத்தில் சாமான் மாற்றுவது முழு நஷ்டம்!

ஓய்வு பெறாத கார்கள்

மாருதி 800 கார் 1983-ம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014-ம் ஆண்டு ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது.

உற்பத்திதான் நின்றதே தவிர, கார்கள் நிற்கவில்லை. சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லும், போர் போடும் ரிக் வண்டிகளை நாடு முழுவதும் அனுப்பும் திருச்செங்கோடும் இங்கேதான் உள்ளன. மெக்கானிக்குக்கு இங்கே பஞ்சம் இல்லை.

ஆனால், நல்ல மெக்கானிக் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

அவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு கேள்வி கேட்பார். அதுதான் அடையாளம்.

"அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க. மிஸ் அடிக்குது."

"எப்போ அடிக்குது தம்பி? காலையில எடுத்த உடனேயா, சூடானப்புறமா?"

"ஏத்தத்துலதானுங்க. சம தரையில ஒண்ணும் தெரியலீங்க."

"மழை பேஞ்சப்போ இப்படி ஆச்சா?"

"இல்லீங்கண்ணே."

இந்த நாலு வரியிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்!

"எப்போது?"

என்ஜினுக்குத் தேவை மூன்றே பொருள்கள். காற்று, பெட்ரோல், தீப்பொறி. மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர வேண்டும். ஒன்று பிசகினாலும் வண்டி திணறும். எது பிசகியது என்பதை அது திணறும் நேரம் காட்டிக் கொடுக்கும்.

ஏற்றத்திலும், வேகம் எடுக்கும்போதும் மட்டும் திணறினால், என்ஜின் கேட்கும் அளவு பெட்ரோல் வந்து சேரவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கலாம். பம்பு பலவீனமாக இருக்கலாம். தேய்ந்து போன ஸ்பார்க் பிளக்கும் பாரம் ஏறும்போதுதான் தோற்றுப்போகும்.

சிக்னலில் நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது சரியாகிவிட்டால், எங்கோ ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் இல்லாத காற்றை என்ஜின் உறிஞ்சுகிறது என்று பொருள் கொள்ளலாம்.

மழையிலும், காலைப் பனியிலும் மட்டும் முரண்டு பிடித்தால், பிளக் வயர்களையும் டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். கீறல் விழுந்த மூடியில் ஈரம் இறங்கினால் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும்.

சித்திரை வெயிலில் சூடான பிறகு நின்று, ஆறிய பிறகு கிளம்பினால்? கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்திருக்கும். அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணி போட்டது இதற்காகத்தான். சூட்டில் படுத்துவிடும் இக்னிஷன் காயிலும் இதே வித்தையைக் காட்டும்.

தூசி செய்யும் வேலை

சேலத்தில் மேக்னசைட் வெட்டும் பகுதியின் வெள்ளைத் தூசி பிரசித்தம். கிராமத்து மண் ரோட்டின் செம்மண் தூசியும் குறைந்தது அல்ல. ஏர் பில்டரைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் என்ஜினுக்கும் மூச்சு ஊடுருவாது. இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவு இல்லை!

கார்புரேட்டர் வண்டியில் ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதித்தவுடன் மட்டும் ஒரு "தூக்கம்" வந்தால், ஆக்சிலேட்டர் பம்பின் டயாபிரத்தைப் பார்க்க வேண்டும். மிதித்தவுடன் கூடுதலாக ஒரு பீச்சு பெட்ரோல் கொடுப்பது அதன் வேலை. ரப்பர் காய்ந்து கிழிந்தால் பீச்சு வராது. அம்பாசிடர் போன்ற வண்டிகளில் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளியும் பிளக்கின் இடைவெளியும் பீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டியவை. கண்ணளவு இங்கே உதவாது.

பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எப்.ஐ. வண்டியில் அதே "தூக்கம்" வந்தால், முதலில் அழுக்கேறிய திராட்டில் பாடியைச் சுத்தம் செய்து பார்ப்பது மலிவான வழி.

விளக்கு பெயர் சொல்லாது

என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் உடனே "சென்சார் போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. அங்கேதான் பணம் வீணாகிறது.

உதாரணத்துக்கு, ஸ்கேனரை மாட்டியதும் பி 0171 என்ற எண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதே அதன் பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. அந்த சென்சார் குறையை நேர்மையாகப் பார்த்துச் சொன்ன சாட்சி! குற்றவாளி வெடித்த குழாயாகவோ, அடைத்த பில்டராகவோ இருக்கலாம். சாட்சியை மாற்றிவிட்டால் வழக்கு தீராது. இரண்டு நாளில் விளக்கு மறுபடியும் எரியும்.

பி 0300 என்று வந்தால் சிலிண்டர்களில் தீ சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் விளக்கு மினுக் மினுக்கென்று மின்னினால் வண்டியை விரட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அழித்துவிடும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடியும் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

ஸ்கேனர் மாட்ட முடியாத ஆரம்ப கால எம்.பி.எப்.ஐ. வண்டிகளும் உண்டு. அவற்றில் பலவற்றில் சோதனை இணைப்பில் ஒரு வயரைக் கொடுத்தால் விளக்கே விட்டு விட்டு எரிந்து எண் சொல்லும். விவரம் தெரிந்த மெக்கானிக் அதை எண்ணிப் பார்த்தே கோளாறைத் தேடிப் போவார்.

சிவப்பு என்றால் நிறுத்து!

மஞ்சள் விளக்கு எச்சரிக்கை. சிவப்பு விளக்கு உத்தரவு.

ஆயில் கேன் படம் ஓடும்போது சிவப்பாக எரிந்தால் ஓரம் கட்டி, என்ஜினை அப்போதே நிறுத்த வேண்டும். "ஆண்டகளூர் கேட் வரைக்கும் போயிடலாம், மெதுவா ஓட்டுப்பா" என்பது பேச்சே அல்ல. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் என்ஜின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும்.

பேட்டரி படம் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் அறுந்திருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். அம்பாசிடரிலும் மாருதி 800-லும் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்த பிறகும் ஓட்டினால் அடுத்து என்ஜின் கொதிக்கும்.

சூடு முள் சிவப்புக்குப் போனாலும் ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்துவிடும். முழுதாக ஆறட்டும்.

மலைப்பாதையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில் என்ஜின் நின்றால் பிரேக் ஒன்றிரண்டு முறைக்குப் பிறகு கல்லாக இறுகும். ஆகவே திணறும் வண்டியைத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய லாரிகள் வரும் பாதை அது.

பெட்ரோலும் மாறிவிட்டது

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையை 2023-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி பெங்களூரில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். 2025-ம் ஆண்டில் நாடு அந்தக் கலப்பு அளவை எட்டியது. கரும்பில் இருந்து மட்டும் அல்ல, மக்காச்சோளத்தில் இருந்தும் எத்தனால் வடிக்கிறார்கள். நாமக்கல் கோழிகள் தின்னும் அதே மக்காச்சோளம்தான்!

பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும், கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் அது கூறியது.

எத்தனால் பழைய டாங்கின் அடியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். அது பில்டரில் வந்து உட்காரும். ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காருக்கு இது ஆகாது. எனவே பழைய கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் பில்டரையும், ரப்பர் குழாய்களையும் முதலில் கவனிப்பது நல்லது. குழாயில் வெடிப்போ, பெட்ரோல் வாடையோ இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. அது தீ விபத்துக்கு அழைப்பு!

எரியாத விளக்கு

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டாஷ் போர்டைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு முறை எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். எம்.பி.எப்.ஐ. காரில் என்ஜின் விளக்கு மட்டும் எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பல்பு போயிருக்கலாம். விற்பவர் கழற்றியும் வைத்திருக்கலாம்!

"லைட்டே எரியலீங்க, வண்டி சுத்தமா இருக்குதுங்க" என்று புரோக்கர் சொன்னால், "சாவியைப் போட்டப்போ எரிஞ்சுதா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டால் போதும். வண்டி எப்போது திணறியது, ஏற்றமா, சம தரையா, சூடா, குளிரா, எந்த விளக்கு எரிந்தது என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தச் சீட்டு பாதி ரிப்பேருக்குச் சமம்.

காரவள்ளியில் முதல் வளைவு வருவதற்கு முன்பே வண்டி இருமினால் அங்கேயே திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். மலை எங்கும் போய்விடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருக்கும்!