பழைய வின்ச்சைச் சரி செய்யலாம், விரிசலை நம்பலாமா?



வின்ச் என்றதும் நம்மில் பலருக்குப் பழனிதான் ஞாபகத்துக்கு வரும். நம்ம திருத்தணி மலைக்கு வின்ச் கிடையாது. 365 படி ஏறிப் போகிறோம். முடியாதவர்கள் வண்டிப் பாதையில் போகிறார்கள். பழனியில் இரும்பு வடம் கட்டிய பெட்டியை மோட்டார் இழுத்து மலைமேல் ஏற்றுகிறது. அதே வேலையைச் சின்ன அளவில் செய்வதுதான் ஜீப்பிலும் டிராக்டரிலும் பொருத்தும் வின்ச். ஒரு டிரம், அதில் சுற்றிய வயர் ரோப், டிரம்மைச் சுழற்ற கியர். அவ்வளவுதான்.

இது நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். கரும்பு வெட்டும் நேரத்தில் மழை வந்தால் லோடு ஏற்றிய டிரெய்லர் சேற்றில் புதைந்து விடும். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வயலிலேயே காயும். காயக் காய எடை குறையும். எடை குறைந்தால் பணம் குறையும். அதனால் டிராக்டரை வாடகைக்கு விடும் எங்கள் குழு, ஒரு பழைய வின்ச்சைப் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. விலை மலிவு என்று சந்தோஷப்பட்டோம். பிரித்துப் பார்த்த பிறகுதான் நிறையக் கற்றுக்கொண்டோம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

தேய்மானம் வேறு, விரிசல் வேறு

பழைய இயந்திரத்தில் இரண்டு வகைக் கோளாறு இருக்கும். ஒன்று தேய்மானம். அம்மிக்கல் தேய்வது போல மெதுவாக நடக்கும். அளந்து பார்க்கலாம், சரி செய்யலாம். இன்னொன்று விரிசல். விரிசல் சொல்லிக்கொண்டு வராது. பாரம் ஏற ஏற உள்ளுக்குள் நீண்டுகொண்டே போகும். ஒருநாள் பட்டென்று உடையும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் எல்லாப் பாகத்தையும் கழற்றி, பழைய கிரீஸ், துரு, பெயிண்ட் போகச் சுத்தம் செய்ய வேண்டும். பெயிண்டுக்கு அடியில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். சந்தையில் பானை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான். பாகத்தைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது பொத்தென்று சத்தம் தரும்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. பாகத்தை மண்ணெண்ணெயில் நன்றாக ஊற வைத்து, எடுத்துச் சுத்தமாகத் துடைத்து, காய்ந்த சுண்ணாம்புப் பொடியை மெல்லிசாகத் தடவ வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாகத் தெரியும். பெரிய தொழிற்சாலைகளில் இதற்குச் சிவப்புச் சாயம் வைத்திருக்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான். அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்!

எதைச் சரி செய்யலாம்?

1. புஷ்: ஷாஃப்ட் சுழலும் இடத்தில் இருக்கும் வளையம். ஷாஃப்டைக் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதா? புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். லேத் பட்டறையில் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து தருவார்கள். எண்ணெய்த் துளை போட மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. வார்ம் கியர்: பல வின்ச்சுகளில் திருகு மாதிரி இருக்கும் எஃகு வார்ம், ஒரு வெண்கலச் சக்கரத்தைச் சுழற்றும். எஃகு பிழைக்கட்டும், வெண்கலம் தேயட்டும் என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள். கியர் பெட்டி எண்ணெயில் பொன் நிறத் தூள் மின்னினால், சக்கரம் தேய்கிறது. பல் கத்தி போலக் கூர்மையாகி இருந்தால் சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும்.

3. ஆயில் சீல், பேரிங், பிரேக் லைனிங்: இவை தேய்வதற்கென்றே இருப்பவை. பிரித்த கையோடு புதிது போடுவதே லாபம்.

எதைத் தூக்கிப் போட வேண்டும்?

வயர் ரோப்பில் கம்பி அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தாலோ, நசுங்கியோ துருப்பிடித்தோ இருந்தாலோ முடிச்சுப் போட்டு ஓட்டக் கூடாது. கொக்கியின் வாய் அகன்றிருந்தால் சூடு காட்டி மடக்கக் கூடாது, வெல்டிங்கும் கூடாது. இரண்டையும் புதிதாகவே வாங்க வேண்டும்.

எங்களுக்குப் பெரிய சோதனை கேஸிங்கில்தான் வந்தது. டிரம்மைத் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு விழுந்தது. பட்டறைக்கார அண்ணன், "வெல்டிங் வெச்சா போதும்மா, பத்து வருஷம் ஓடும்" என்றார். ஆனால் கேஸிங் வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் ராடு வைத்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே இரும்பு கெட்டியாகி மறுபடி விரியும். சூடேற்றி, நிக்கல் ராடு வைத்து, மெல்ல ஆற விட வேண்டும். அப்படிச் செய்தாலும் பாரம் தாங்கும் இடத்தில் அதை நம்ப முடியாது.

குழுக் கூட்டத்தில் பேசினோம். கடன் தவணை ஏற்கெனவே பாரமா இருக்கு, வெல்டிங்கே போதும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அப்போது ஒரு சகோதரி எழுந்து, "அந்த ரோப்புப் பக்கத்துல நிக்கப் போறது என் பையன்தான்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அதே மாடல் இன்னொரு பழைய வின்ச்சிலிருந்து கேஸிங் வாங்க தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வந்த கேஸிங்கையும் சுண்ணாம்பு பூசிப் பார்த்துத்தான் பொருத்தினோம். தவணை இரண்டு மாதம் நீண்டது. பரவாயில்லை.

ஃப்யூஸ் போல ஒரு பின்

டிராக்டரிலிருந்து சுழற்சி வரும் ஷாஃப்டில் ஒரு சின்னப் பின் இருக்கும். பாரம் மீறினால் அது அறுந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும். அடிக்கடி அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அது ஃப்யூஸ் போன இடத்தில் தடிக் கம்பி கட்டுவது போல!

ஓட்டும்போது கவனம்

• முதலில் காலி டிரெய்லரை இழுத்துப் பார்த்து, நிறுத்தி, எல்லாவற்றையும் சோதித்த பிறகே லோடு.
• டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்று ரோப் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும்.
• இழுக்கும்போது ரோப்பைத் தாண்டக் கூடாது, அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும். நனைந்த கோணியை நடுவில் போட்டால் வேகம் கொஞ்சம் குறையும்.
• வண்டி வின்ச் இழுப்பதற்குத்தான். இதில் ஆளை வைத்துக் கிணற்றில் இறக்கவே கூடாது.

பழனி சொல்லும் பாடம்

பழனியில் 2004-ல் ரோப் கார் வந்தது. தினமும் ஒரு மணி நேரம், மாதம் ஒருநாள், வருஷத்துக்கு ஒரு மாதம் போல அதைப் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். பக்தர் கூட்டம் காத்திருந்தாலும் நிறுத்துகிறார்கள். பாரம் தூக்கும் இயந்திரத்தையும் வடத்தையும் தகுதியான ஆள் வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. வயலில் ஓடும் நம் வின்ச்சை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

அதனால் வரவு செலவுக்கு நோட்டு வைப்பது போல, வின்ச்சுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எண்ணெய் மாற்றிய தேதி, ரோப் பார்த்த தேதி, பார்த்தவர் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும்.

உங்கள் குழுவும் பழைய இயந்திரம் வாங்குவதாக இருந்தால், விலையை மட்டும் கேட்காதீர்கள். பிரித்துப் பார்த்து, சரி செய்ய ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தேய்ந்ததைக் கடைந்து போடலாம், போன பணத்தைச் சேமித்து எடுக்கலாம். போன உயிரை எந்தக் குழுவாலும் மீட்க முடியாது.