தானியக் கிடங்கின் விஷவாயுவும் அண்டைவீட்டாரும்

அறுவடை முடிந்து களஞ்சியம் சேர்ந்த தானியம் விலைக்குப் போகுமுன்னரே, கூன்வண்டும் அந்துப்பூச்சியும் அதில் பங்கு கொள்ள வந்துவிடுகின்றன. இவற்றை அழிக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் நம் நாட்டில் பல்லாண்டுகளாகப் பிரயோகிக்கப்பட்டு வருகின்றன. இவற்றால் தானியத்துக்கு விளையும் நன்மையை நிலமுடையோர் யாவரும் அறிவர். கிடங்குச் சுவருக்கு அப்பால் வசிக்கும் குடும்பத்துக்கு நேரக்கூடிய கேட்டையோ, அறிந்தவர் சிலரே. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்திரையின் இயல்பு

மாத்திரை தானே பூச்சியைக் கொல்வதில்லை. காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் வாயு சிறிது சிறிதாக வெளிப்படுகிறது, கொல்வது அவ்வாயுவே. 3 கிராம் எடையுள்ள மாத்திரையொன்று சுமார் 1 கிராம் வாயுவைத் தரும். தானியமணிகளின் இடைவெளிகளில் நுழைந்து அடிமூட்டை வரையில் செல்வது இவ்வாயுவின் சிறப்பு. அதே ஆற்றலால் சுவர் வெடிப்பு, கதவிடுக்கு, ஓட்டுச் சந்து, எலிவளை ஆகிய எவ்வழியாகவும் அது அடுத்த வீட்டினுள் புகவும் கூடும்.

அதன் கொடுமையை ஒரு கணக்கால் உணரலாம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 அடியுள்ள அறையைக் கருதுவோம். இரண்டே மாத்திரைகளின் வாயு முழுவதும் அவ்வறையில் அடைபட்டால், காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 50 பங்கு பாஸ்பீன் ஆகிவிடும். உயிருக்கு உடனடி அபாயம் விளைவிக்கும் அளவென்று நிபுணர் குறித்திருப்பது இதுவே. தொழிலாளர் 8 மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் அனுமதிக்கப்படுவது 0.3 பங்கு மட்டுமே.

வாடையை நம்பியிருத்தலும் கூடாது. வியாபார மாத்திரையின் வாயுவில் பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ வீசுவதுண்டு. ஆயினும் அந்நாற்றம் சுத்தமான பாஸ்பீனுக்கு உரியதன்று. உடன் கலந்த வேறு பொருள்களால் உண்டாவது. அப்பொருள்கள் தானியத்தில் படிந்து நீங்கியபின், நாற்றம் மறைந்தும் விஷம் எஞ்சி நிற்கலாம்.

உடலுக்கு நேரும் கேடு

சுவாசத்தால் உட்சென்ற பாஸ்பீன், உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கிறது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல், வாந்தி, இருமல், மார்பு இறுக்கம் ஆகியவை தோன்றும். மிகுதியாகச் சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோக்கும், இரத்த அழுத்தம் தாழும், இருதயம் தளரும். வாந்தியைக் கண்டு, உண்ட ஆகாரத்தின் கோளாறென்று வீட்டார் காலம் தாழ்த்துவது பெரும் விபரீதமாகும். இவ்விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் தம் எடைக்குப் பெரியோரைவிட அதிகக் காற்றைச் சுவாசிப்பதால் அவர்களே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

நேர்ந்த விபத்துகள்

2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து லேட்டன் நகரில், ஒரு வீட்டையொட்டிய புல்வெளியில் எலிவளைகளுக்குள் இம்மருந்து இடப்பட்டது. மருந்து வீட்டினுள் இடப்படவேயில்லை. எனினும் வாயு உள்ளே புகுந்து, 4 வயதுச் சிறுமியும் 15 மாதக் குழந்தையான அவள் தங்கையும் சில நாள் இடைவெளியில் உயிர் நீத்தனர். அவ்வாண்டிலேயே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், குடியிருப்புகளைச் சுற்றி இதனைப் பிரயோகிப்பதைத் தடுத்தது. மற்றக் கட்டடங்களுக்கு விடவேண்டிய தூரத்தை 15 அடியிலிருந்து 100 அடியாக உயர்த்தியது.

2017 ஜனவரியில் டெக்ஸாஸ் மாகாணத்து அமரில்லோ நகரில், வீட்டின் அடியில் இட்ட மருந்தைக் கழுவிவிட எண்ணி ஒருவர் தண்ணீரைப் பாய்ச்சினார். தண்ணீர் பட்டதும் வாயு பெருகி மேலெழுந்தது. அவ்வீட்டுக் குழந்தைகள் நால்வர் மாண்டனர். நம்மிடத்திலும், 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிகளை ஒழிக்க வீட்டில் வைத்த மருந்தின் நெடியால் இரு குழந்தைகள் இறந்ததைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள்.

கைக்கொள்ள வேண்டியவை

1. குடியிருக்கும் வீட்டிலும், வீட்டோடு பொதுச்சுவர் கொண்ட அறையிலும் இம்மாத்திரையை ஒருபோதும் இடலாகாது.

2. அரசாங்க ஸ்தாபனங்களுக்கும், நிபுணர் மேற்பார்வையில் பணிபுரியும் பூச்சிக் கட்டுப்பாட்டாளருக்கும் மட்டுமே இதை விற்கலாமென்பது விதி. 10, 20 மாத்திரைகள் அடங்கிய குழாய்கள் 2001-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டன. ஆகையால் கடையில் சில்லறையாகக் கிடைத்தாலும் வாங்காமல், பயிற்சி பெற்றோரைக்கொண்டே வேலையை முடித்துக்கொள்க.

3. மருந்திடும் நாளையும் கிடங்கைத் திறக்கும் நாளையும் அண்டைவீட்டாருக்கு முன்கூட்டியே அறிவித்து, கிடங்கின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை மாட்டுக. திறக்கும்போது வெளிப்படும் வாயு காற்று வீசும் பக்கத்து வீடுகளை நோக்கிச் செல்லுமென்பதை மறவற்க.

4. எஞ்சிய தூளிலும் வாயு இருக்கக்கூடும். அதைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டற்க. மாத்திரையின்மீது தண்ணீர் ஊற்றற்க.

5. எவருக்கேனும் வாந்தியோ மூச்சுத் திணறலோ கண்டால், வீட்டார் அனைவரையும் உடனே திறந்த வெளிக்குக் கொணர்ந்து, 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. மருந்தின் பெயரை வைத்தியரிடம் தவறாமல் கூறுக. நுரையீரல் கோளாறு தாமதித்தும் தோன்றுமாதலால், தேறியவர் போலக் காணப்படுவோரும் வைத்தியர் கண்காணிப்பில் இருத்தல் அவசியம்.

வீட்டுச் செலவுக்குச் சேமிக்கும் சொற்பத் தானியத்துக்கு இம்மருந்தே வேண்டுவதில்லை. நன்கு வெயிலில் உலர்த்தி, சுத்தமான குதிரிலோ காற்றுப்புகாப் பையிலோ இட்டு வைத்தலே போதுமானது.

கிராம அதிகாரிகள், குடியிருப்புகளின் நடுவேயுள்ள கிடங்குகள் எவையென்று கணக்கெடுத்து, மருந்திடும் செய்தி முன்னதாகத் தம்மிடம் வந்து சேரும்படி ஏற்பாடு செய்வது நலம். மருந்திட்டவன் அபாயத்தை அறிந்து விலகி நிற்கிறான். சுவருக்கு அப்பால் உறங்குபவனோ ஒன்றும் அறியான். அவனுக்கு முன்னறிவிக்கச் செலவொன்றுமில்லை. அறிவியாமற்போனால் வரும் இழப்பை எந்த விளைச்சலாலும் ஈடுசெய்ய இயலாது.